லிப்ட்டை விட்ட குளோரியா

தே தாரிக் குடிப்பதை விடப் போவதாக அப்பா சொன்னதும் குளோரியாவின் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

"ஈஸ்டர் வரைக்குமா?" என்று அம்மா கேட்டார்.

"ஈஸ்டர் வரைக்கும்தான்."

"ஒரு கிளாஸ்கூட இல்லாமலா?"

"ஒரு சொட்டுகூட இல்ல," என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் முகம் லேசாக வாடியது. நுரை பொங்க ஆற்றிய அந்தப் பால் தேநீரைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நண்பர்களைப் பார்த்தால் இன்னும் ஒன்று என்று குடிப்பவர் அவர்.

அன்று சாம்பல் புதன். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய நான்கு பேர் நெற்றியிலும் சாம்பல் சிலுவை இருந்தது. அண்ணன் ரோனிக்கு மட்டும் அது வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

தவக்காலம் தொடங்கும் நாளில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும், ஈஸ்டர் வரை எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அது பிடித்த பொருளாக இருக்க வேண்டும். விடுவதற்குக் கஷ்டமாகவும் இருக்க வேண்டும். போன வருடம் ரோனி, "நான் பாகற்காயை விடுறேன்," என்று சொல்லி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"நான் கத்துறத விட்டுடுறேன்," என்றார் அம்மா.

ரோனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உங்களால முடியவே முடியாது லா, அம்மா!"

"ரோனீ!" என்று அம்மா கத்தினார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "இது கணக்குல சேராது. நாளையிலேர்ந்துதான்."

ரோனி இந்த முறை போனில் விளையாடுவதை விட்டான். அடுத்து எல்லாரும் குளோரியாவைப் பார்த்தார்கள்.

குளோரியாவுக்குப் பத்து வயது. போன வருடம் ஐஸ்கிரீமை விட்டாள். அதற்கு முந்தின வருடம் சாக்லேட். ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் விடுவது அந்த இரண்டைத்தான். இந்த முறை யாருமே விடாத ஒன்றை விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கூரைகளுக்கு மேலே மோனோரயில் ஒன்று மெதுவாக வளைந்து போனது. அவர்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது.

"லிப்ட்!" என்றாள் குளோரியா.

"என்னது?"

"நான் லிப்ட்டை விடுறேன். ஈஸ்டர் வரைக்கும் படிக்கட்டுலதான் ஏறுவேன். படிக்கட்டுலதான் எறங்குவேன்."

அப்பாவின் கண்கள் விரிந்தன. "அட! என் மகளைப் பாரு!"

"சும்மா பீலா விடுறா," என்றான் ரோனி. "ரெண்டு நாள்ல கால் வலிக்குதுன்னு அழுவா."

"அழ மாட்டேன்!"

"அழுதா?"

"அழுதா, லிப்ட்ல ஏறிட்டா, ஈஸ்டர் வரைக்கும் உன் ஸ்கூல் ஷூவை நான் கழுவுறேன். ஏறாம இருந்துட்டேன்னா அதுக்கப்புறம் என்னோடத நீ கழுவணும். சரியா?"

ரோனியின் காலணி நாற்றம் அந்த மாடி முழுக்கப் பிரபலம். பக்கத்து வீட்டுப் பூனைகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

"சரி," என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்தான் ரோனி.

*

சீனப் பெருநாள் விடுமுறை முடியும் வரை குளோரியா சளைக்கவே இல்லை. கடைக்குப் போனாலும் படிக்கட்டு, கோயிலுக்குப் போனாலும் படிக்கட்டு. மற்ற மூவரும் லிப்ட்டில் இறங்கிக் கீழே காத்திருப்பார்கள். அவள் முகமெல்லாம் சிவந்து, ராணி மாதிரி இறங்கி வருவாள்.

படிக்கட்டு ஒரு தனி உலகம் என்று அவள் கண்டுபிடித்தாள். இரண்டாவது மாடியில் எப்போதும் கருவாடு வறுக்கிற வாசம். ஆறாவது மாடியில் யாரோ பாட்டுப் பழகுவார்கள். ஒரே வரியைத் தப்பாகவே திரும்பத் திரும்பப் பாடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். "நம்ம பிள்ள லிப்ட்டையே விட்டுடுச்சு, தெரியுமா? ஒம்பதாவது மாடி!"

"அப்படியா!" என்று அவர்கள் குளோரியாவின் தலையைத் தடவினார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்பா இதையே சொல்வார் என்று நினைத்தபோது இன்னும் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. காலையில் பையை மாட்டிக்கொண்டு குளோரியா வெளியே வந்தாள். லிப்ட்டுக்கு முன்னால் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள்.

நஸ்ரினுக்கு எட்டு வயது. அவளும் அதே ஒன்பதாவது மாடிதான். அவள் வாப்பாவுக்கு இங்கே ஒரு கம்பியூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, போன வருடக் கடைசியில்தான் குடும்பத்தோடு தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார்கள். வாப்பா விடிகிற நேரத்திலேயே வேலைக்குப் போய்விடுவார். உம்மாவிடம் கைக்குழந்தை. அதனால் பள்ளி வேன் வரும் இடத்துக்கு நஸ்ரின், குளோரியாவோடுதான் போவாள். இருவருக்கும் வேறு வேறு பள்ளி, வேறு வேறு வேன். ஆனால் இரண்டு வேனும் ஒரே வாசலில்தான் நிற்கும்.

"அக்கா, வாங்க, வாங்க! லிப்ட் வருது!" என்றாள் நஸ்ரின்.

"நான் லிப்ட்ல வர மாட்டேன், நஸ்ரின். அத விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? எங்க விட்டீங்க?"

குளோரியா சிரித்துவிட்டாள். பிறகு தவக்காலத்தைப் பற்றியும், வீட்டில் யார் எதை விட்டார்கள் என்பதைப் பற்றியும் சொன்னாள்.

நஸ்ரினின் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்கும் நோன்பா! எங்களுக்கும் இப்ப நோன்புதானே! நானும் இன்னைக்கிப் புடிச்சிருக்கேன். இன்னும் ஒண்ணுகூட முழுசாப் புடிச்சதில்ல. லீவுல மத்தியானம் வரைக்குந்தான் முடிஞ்சுது." பிறகு சந்தேகமாகக் கேட்டாள். "உங்க வாப்பா தண்ணி குடிப்பாங்களா?"

"குடிப்பாரு. தே தாரிக்தான் குடிக்க மாட்டாரு."

"சோறு?"

"சாப்புடுவாரு."

"காலையிலயா?"

"எல்லா நேரமும்."

நஸ்ரின் உதட்டைப் பிதுக்கினாள். "அது ரொம்ப லேசான நோன்பு, அக்கா."

"நீ எங்க அப்பாவப் பாத்தா அப்படிச் சொல்ல மாட்ட. சாயங்காலம் ஆனா சன்னல் பக்கம் நின்னு கீழ இருக்கிற மாமாக் டீக்கடையவே பாத்துக்கிட்டு இருக்காரு."

லிப்ட்டின் கதவு திறந்தது. நஸ்ரின் உள்ளே எட்டிப் பார்த்தாள். குளோரியாவைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

"நானும் உங்களோட படிக்கட்டுலயே வரேன்," என்றாள்.

"வா, வா! ஜாலியா இருக்கும்!" என்று குளோரியா குதித்தாள். படிகளில் தடதடவென்று இறங்கினாள். பின்னால் நஸ்ரினின் சின்னக் காலடிகள் கேட்டன.

*

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. காலையில் இருவரும் இறங்குவார்கள். பள்ளி விட்டு வேன்கள் திரும்பியதும் இருவரும் ஏறுவார்கள். காலையில் இறங்குவது சுலபம். பிற்பகல் வெயிலில் ஏறுவதுதான் கஷ்டம். ஆனால் குளோரியாவுக்குக் கால் பழகிவிட்டது. நேற்றைவிட இன்று வேகம், இன்றைவிட நாளை வேகம் என்று முன்னால் ஓடிவிடுவாள். ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நஸ்ரின்! எங்க இருக்க?" என்று கீழே பார்த்துக் கத்துவாள்.

"வரேன், அக்கா!" என்று எங்கிருந்தோ சன்னமாகக் குரல் வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குளோரியா திறந்தாள். நஸ்ரின் இரண்டு கைகளாலும் ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசனை வீட்டுக்குள் புகுந்து அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

"நோன்புக் கஞ்சி. உம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அப்பா மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "ஆகா! ஆட்டுக்கறி போட்ட கஞ்சி!"

அவர் கண்ணைத் திறந்தபோது அம்மா எதிரே நின்றார். கத்துவதை விட்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார். "இன்னிக்கு வெள்ளிக்கெழம."

தவக்காலத்து வெள்ளியில் அவர்கள் கறி சாப்பிட மாட்டார்கள். அப்பா மூடியை மறுபடி மூடினார். ஒரு குழந்தையைத் தூங்கவைப்பது போல அவ்வளவு மெதுவாக மூடினார்.

"ஐயோ, தப்பாக் கொண்டாந்துட்டேனா?" என்று நஸ்ரின் பயந்துவிட்டாள்.

"இல்ல, ஆயி. உங்க உம்மாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு. பிரிட்ஜ்ல வச்சு நாளைக்குக் காலையில சாப்புடுவோம். விடியட்டும், நான்தான் மொத ஆளு," என்றார் அப்பா.

வாசல் வரை வழியனுப்ப வந்த குளோரியா கேட்டாள். "இன்னைக்கு நோன்பு முழுசா முடிஞ்சுதா?"

நஸ்ரின் தலையை ஆட்டினாள், இல்லை என்று. "ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு, அக்கா. அப்புறம் என்னமோ முடியல."

"நாளைக்கு முடியும்," என்றாள் குளோரியா.

*

மறு திங்கட்கிழமை பிற்பகல் வெயில் தார்ச்சாலையைக் கொதிக்கவைத்தது. குளோரியா வழக்கம்போல மேலே ஓடினாள். ஒன்பதாவது மாடியில் நின்று கூப்பிட்டாள்.

"நஸ்ரின்!"

பதில் இல்லை.

"நஸ்ரீன்!"

ஆறாவது மாடிப் பாட்டுக்காரரின் குரல் மட்டும் வந்தது. குளோரியா பையைக் கீழே போட்டாள். இறங்கி ஓடினாள்.

ஐந்தாவது மாடி திருப்பத்தில் நஸ்ரின் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மடியில் தண்ணீர்ப் புட்டி. மூடி திறந்திருந்தது. அவள் குடித்துவிட்டாள் என்பது தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னைக்கும் போச்சு," என்று அழுதாள் நஸ்ரின். "நாளைக்கும் முடியலன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு வாப்பா சொல்லிட்டாங்க. நாளைக்கும் எனக்கு முடியாது. எனக்குத் தெரியும்."

குளோரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெனமும் இங்கதான் குடிச்சியா?"

நஸ்ரின் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"ஏன் நஸ்ரின், நீ லிப்ட்ல போயிருக்கலாம்ல? நீ லிப்ட்ட விடலியே, நான்தானே விட்டேன்?"

நஸ்ரின் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். "தனியாவா?"

அப்போதுதான் குளோரியாவுக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள், நஸ்ரினும் அவள் வாப்பாவும் போகும்போது லிப்ட் நடுவழியில் நின்று, விளக்கும் அணைந்துவிட்டது. திறக்க வெகு நேரம் ஆனது. அதிலிருந்து நஸ்ரின் தனியாக லிப்ட்டில் ஏறியதே இல்லை. குளோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் போவாள். அந்தக் கை இத்தனை நாளும் தன் கைக்குள் இருந்ததை, லிப்ட்டை விட்ட அன்று குளோரியா மறந்தே போனாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க லிப்ட்ல வருவீங்க. உங்க நோன்பு ஒடஞ்சிரும்ல?" என்றாள் நஸ்ரின்.

குளோரியா எழுந்தாள். நஸ்ரினின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று முதல் முறையாக இருவரும் ஒன்றாக, ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.

*

இரவு படுத்த பிறகும் குளோரியா யோசித்தாள். லிப்ட்டில் ஏறினால் பந்தயம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயில் வாசலில் என்ன சொல்வார்? எல்லாவற்றையும்விட, கடவுளிடம் சொன்ன சொல் என்னாவது?

ஏறாவிட்டால் நஸ்ரினின் நோன்பு போச்சு.

தூக்கம் வரும் நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அற்புதமான யோசனை!

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நஸ்ரின் வேனிலிருந்து இறங்கியதும் குளோரியா விளக்கினாள்.

"நீ லிப்ட்ல ஏறிக்க. நான் படிக்கட்டுல ஓடி வரேன். ஒவ்வொரு மாடியிலயும் லிப்ட் கதவுகிட்ட வந்து, 'நஸ்ரின், நான் இருக்கேன்'னு கத்துவேன். உனக்குக் கேக்கும். அப்ப நீ தனியா இல்லதானே?"

"நீங்க லிப்ட்டவிட வேகமா ஓடுவீங்களா, அக்கா?"

"நம்ம லிப்ட்டு ரொம்ப ஸ்லோ லா. நான் ரொம்ப வேகம்."

நஸ்ரின் அவளை முழுசாக நம்பினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பதை அழுத்தினாள். கதவு மூடியது.

குளோரியா பறந்தாள். முதல் மாடி. "நஸ்ரின், நான் இருக்கேன்!"

"சரி, அக்கா!" என்று உள்ளேயிருந்து குரல்.

இரண்டாவது மாடி. "நஸ்ரின், நான் இருக்கேன்!"

"சரி..." குரல் கொஞ்சம் மேலிருந்து வந்தது.

மூன்றாவது மாடியில் குளோரியாவின் காலணிக் கயிறு அவிழ்ந்தது. "நஸ்ரின், நா... நா... நான்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்து வெளியே வந்த ஒரு சீன ஆன்டி, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கையில் கரண்டியோடு நின்று பார்த்தார்.

அடுத்த மாடியில் கத்தியபோது பதிலே வரவில்லை. அதற்கடுத்த மாடியில் லிப்ட் வாசலில் நஸ்ரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தேம்பித் தேம்பி அழுதாள். யாரோ ஓர் அங்கிள் லிப்ட்டை நிறுத்தி ஏறியிருக்கிறார். கதவு திறந்ததும் இவள் பயந்து வெளியே ஓடி வந்துவிட்டாள்.

"உங்க சத்தம் கேக்கல," என்றாள் நஸ்ரின். "அப்புறம் லைட்டு லேசா ஆடிச்சு. பரவால்ல, அக்கா. மிச்சத்த நான் நடந்தே வரேன். இன்னும் தண்ணி குடிக்கல, பாருங்க."

அவள் படிக்கட்டை நோக்கி ஓர் அடி வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

குளோரியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையால் லிப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா! உங்க நோன்பு!"

"பேசாம வா."

லிப்ட் கீழே போய்விட்டு, மெதுவாக மறுபடி மேலே வந்தது. கதவு திறந்தது. உள்ளே தோளில் பையோடு நின்றவன் ரோனி!

அவன் கண்கள் அகலமாயின. வாய் காது வரை போனது. "ஹே ஹே ஹே! யாரு இது? படிக்கட்டு ராணி! தோத்துட்டியா? மாட்டிக்கிட்டியா?"

குளோரியா வாயைத் திறந்தாள். 'இவளுக்காகத்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நஸ்ரின் இந்த இடத்திலேயே கையை உதறிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிவிடுவாள். அது குளோரியாவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமா," என்றாள். "தோத்துட்டேன்."

இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

"அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன்!" ரோனி குதித்தான். "என் ஷூவ மழையில ஊறவச்சு, ஒரு வாரம் பைக்குள்ள பூட்டி வச்சு, அப்புறந்தான் உங்கிட்ட கழுவக் குடுப்பேன்! மூக்குக்கு மாஸ்க் வாங்கி..."

அவன் நடுவில் நிறுத்தினான். நஸ்ரினைப் பார்த்துவிட்டான். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். காய்ந்த உதடுகள் எதையோ முணுமுணுத்தன. இரண்டு கையாலும் குளோரியாவின் கையைப் பிடித்திருந்தாள். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில் குளோரியாவின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. குளோரியாவோ அவள் காதோரம் குனிந்து, "இப்ப ஆறு... இப்ப ஏழு... வந்துட்டோம், வந்துட்டோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

லிப்ட் ஒருமுறை குலுங்கியது. நஸ்ரின் திடுக்கிட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் ரோனி. அவன் குரலில் கேலி இல்லை. "இந்த லிப்ட்டுக்கு அப்பப்ப விக்கல் வரும். அவ்வளவுதான்."

நஸ்ரின் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

ஒன்பதாவது மாடியில் ரோனி கதவு மூடாமல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். இருவரும் இறங்கினார்கள். அவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

*

நஸ்ரினை அவள் வீட்டு வாசலில் விட்டதும் குளோரியா படிக்கட்டை நோக்கி நடந்தாள். கீழே இறங்கிப் போய், மறுபடியும் முழுக்க ஏறி வந்துவிடலாம் என்று நினைத்தாள். லிப்ட்டில் வந்ததற்கு அது ஈடாகிவிடும் அல்லவா?

"அக்கா!" பின்னாலிருந்து நஸ்ரின் கூப்பிட்டாள். "எங்க போறீங்க?"

"சும்மா, கீழ."

"பொழுது சாஞ்சு மஃரிப் ஆகுற வரைக்கும் என்கூட இருக்கீங்களா? தனியா இருந்தா தண்ணி ஞாபகமாவே இருக்கு."

குளோரியா படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

"இரு, அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்," என்றாள்.

நஸ்ரினின் உம்மா ருக்கையா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "வா, புள்ள. ஒனக்கு ஜூஸ் கலக்கித் தரவா?"

"வேணாம், ஆன்டி. நான் நஸ்ரினோட குடிக்கிறேன்."

"அட, மஃரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கே!"

"பரவால்ல, ஆன்டி."

உண்மையில் அது பரவாயில்லை என்று சொல்கிற நேரம் இல்லை. மணி நகரவே மறுத்தது. இருவரும் படம் வரைந்தார்கள். நஸ்ரின் ஒரு மீன் வரைந்தாள். மீனைச் சுற்றித் தண்ணீர் வரைந்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினார்கள். குழந்தை புட்டியில் பால் குடித்தபோது இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சமையலறையிலிருந்து வடை பொரிகிற வாசம் வந்தபோது ஒருவர் மூக்கை ஒருவர் பொத்திவிட்டு, சிரித்துப் புரண்டார்கள்.

"நாளையிலேர்ந்து நாம லிப்ட்லதான் போறோம்," என்றாள் குளோரியா.

நஸ்ரின் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப உங்க நோன்பு?"

"மாத்திக்கிட்டேன்."

"என்னவா மாத்துனீங்க?"

குளோரியா கூரையைப் பார்த்து யோசித்தாள். "முன்னால ஓடுறத விட்டுட்டேன். எனக்கு அது ரொம்பப் புடிக்கும், தெரியுமா? விடுறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

நஸ்ரின் இதை எடைபோட்டுப் பார்த்தாள். "அது நல்ல நோன்புதான்," என்று சம்மதித்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கதவைத் தட்டினான் ரோனி. வாசலிலேயே நின்றான்.

"அப்பா வேலை முடிஞ்சு வந்து, குளோரியா எங்கன்னு கேட்டாரு," என்றான்.

குளோரியா எழுந்து வாசலுக்கு வந்தாள். "நீ என்ன சொன்ன?"

"நோன்புல இருக்கான்னு சொன்னேன்." ரோனி தலையைச் சொறிந்தான். "ஷூ பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அவன் திரும்பிப் போனான். போகிற வழியில் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, "ஆனா பேசுவோம்!" என்றான்.

நஸ்ரினின் வாப்பாவும் வேலையிலிருந்து வந்துவிட்டார். தரையில் விரிப்பு விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். ஆளுக்கொரு குவளைத் தண்ணீர். நஸ்ரின் தன் குவளையைப் பார்க்காமல் வாப்பாவின் முகத்தையே பார்த்தாள். வாப்பா அவள் உதட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"முழுசாவா?" என்று கேட்டார்.

"முழுசா, வாப்பா!"

பாங்குச் சத்தம் ஒலித்தது. யாரும் அசையவில்லை. எல்லாரும் நஸ்ரினுக்காகக் காத்திருந்தார்கள். நஸ்ரின் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். அதைப் பிய்த்து, ஒரு பாதியைக் குளோரியாவின் கையில் வைத்தாள். மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு குவளையை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு மடக்குக் குடித்தாள்.

அவள் கண்கள் வட்டமாயின.

"அக்கா! தண்ணி இனிக்குது!"

"பேரீச்சம்பழம் சாப்புட்டல்ல, அதான்," என்றார் வாப்பா.

"இல்ல, வாப்பா. தண்ணிதான் இனிக்குது. அக்கா, நீங்க குடிச்சுப் பாருங்களேன்!"

குளோரியா தன் குவளையை எடுத்தாள். பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரை மட்டும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள்.

உண்மைதான்.